வீட்டுக்கு வரும் முதல் பூனை

வீட்டுக்குள்ளேயே நல்ல கவனிப்பில் வளரும் பூனை பொதுவாக 12 முதல் 18 ஆண்டுகள் வரை வாழும். இருபதைத் தாண்டியவையும் உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பிடிவாதத்துக்காகக் கொண்டுவரும் குட்டி, அந்தப் பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் அதே வீட்டில் இருக்கும். இத்தனை நீண்ட உறவைப் பலர் முகத்தையும் ரோமத்தையும் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவு செய்துவிடுகிறார்கள். நிறமும் இனமும் இதில் சிறிய பங்கே வகிக்கின்றன. பிறந்த முதல் இரண்டு மாதங்களில் அந்தப் பூனை எப்படி வளர்ந்தது, எந்த வயதில் வருகிறது, வரப்போகும் வீடு எப்படிப்பட்டது ஆகிய மூன்றும்தான் பின்னால் வரும் நிம்மதியையும் தொல்லையையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஃபெலிஸ் லிபிகா என்ற காட்டுப்பூனை. உலகெங்கும் உள்ள வீட்டுப்பூனைகள் இந்த வழியில் வந்தவையே என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மேற்காசியாவில் உழவு தொடங்கித் தானியத்தைச் சேர்த்து வைத்தபோது எலி பெருகியது. எலியைத் தேடிப் பூனை ஊருக்குள் வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதருக்கு அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததாக 2004இல் அகழாய்வாளர்கள் அறிவித்தனர். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது என்பதால், யாரோ அதைக் கடல் கடந்து கொண்டுபோயிருக்க வேண்டும். நாயின் முன்னோர் கூட்டமாக வேட்டையாடியவை; பூனையின் முன்னோர் தமக்கென ஓர் எல்லையை வைத்துக்கொண்டு தனியாக வேட்டையாடியவை. வீட்டுப்பூனை இடத்தோடு ஒட்டிக்கொள்வதும், அறியாத பூனையைக் கண்டால் சீறுவதும், அதட்டலுக்குப் பணியாமல் ஒதுங்கிப்போவதும் இந்த வழியில் வந்த குணங்கள். நாயிடம் எதிர்பார்ப்பதைப் பூனையிடம் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். அது பூனையின் குறை ஆகாது.

தேர்வு தொடங்க வேண்டிய இடம் வீடு. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடென்றால் உரிமையாளர் ஒப்புக்கொள்கிறாரா, தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போகும்போது யார் வந்து சாப்பாடு வைப்பார்கள் என்ற கேள்விகளுக்கு முதலிலேயே விடை வேண்டும். அலர்ஜி உள்ளவர்கள் இருந்தால், பூனை இருக்கும் வேறொரு வீட்டில் சில நாட்கள் சில மணி நேரமாவது இருந்து பார்ப்பது நல்லது. அலர்ஜியைத் தூண்டுவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் உண்டாகும் ஒரு புரதம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது ரோமத்தில் படிந்து காற்றில் பரவுகிறது. ஆகவே ரோமம் குறைந்த இனமாக வாங்கினால் அலர்ஜி வராது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையே கூடாது என்ற பேச்சும் பரவலாக உள்ளது. அச்சத்துக்குக் காரணமான டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி உண்மையானதுதான், கருவைப் பாதிக்கக்கூடியதுதான். ஆனால் அது தொற்றிய பூனையும் பொதுவாக வாழ்நாளில் சில வாரங்களே அதை மலத்தில் வெளியிடுகிறது. வெளியேறிய முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். மலத்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்வதும், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காமல் வேட்டைக்கும் வெளியே விடாமல் இருப்பதும் ஆபத்தைப் பெரிதும் குறைத்துவிடும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி வழியாகவும் இந்தத் தொற்று வருகிறது என்பதை வீட்டார் மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டுச் சைவ வீடுகள் கட்டாயம் யோசிக்க வேண்டியது உணவு. பூனை இறைச்சி உண்டே வாழும் உடலமைப்பு கொண்டது. டாரின் என்ற சத்து அதன் உணவிலேயே இருந்தாக வேண்டும். அது போதாமல் போனால் பூனையின் இதயத் தசை தளர்ந்து வீங்குகிறது என்பதை 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். டாரின் குறைவு பார்வையையும் கெடுக்கும். காய்கறியில் உள்ள கரோட்டினிலிருந்து உயிர்ச்சத்து ஏ தயாரித்துக்கொள்ளவும் பூனையால் முடியாது. தயிர் சாதமும் பால் சோறும் தின்று தெருப்பூனைகள் வாழ்கின்றனவே என்று தோன்றலாம். அவை மிச்சத்தை எலியிலும் பல்லியிலும் பூச்சியிலும் தேடிக்கொள்கின்றன. வீட்டுக்குள் அடைபட்ட பூனைக்கு அந்த வழி இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. முழுச்சத்துள்ள கடை உணவையாவது வீட்டுக்குள் அனுமதிக்க மனம் ஒப்பாதவர்கள் பூனை வளர்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

அடுக்குமாடியில் வாசலைவிட ஜன்னலும் பால்கனியும்தான் அபாயம். நியூயார்க் கால்நடை மருத்துவமனை ஒன்றில், உயர்ந்த மாடிகளிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளியானது. அவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன என்பது பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி. நெஞ்சுக் காயமும் தாடை, கால் முறிவுகளும் அவற்றில் சாதாரணமாகக் காணப்பட்டன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விழுந்த இடத்திலேயே இறந்தவை மருத்துவமனைக் கணக்கில் வருவதும் இல்லை. புறாவைத் தடுக்கக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்துக் கிழித்துவிடும்; கம்பி வலைதான் நிற்கும். வலை அடித்த பிறகே பூனை வர வேண்டும்.

அடுத்தது வயது. முதன்முறை வளர்ப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்பது குட்டி. அதிலும் கண் திறந்து தத்தித் தத்தி நடக்கும் ஒரு மாதக் குட்டிக்கே ஆசைப்படுகிறார்கள். தேர்வில் நடக்கும் தவறுகளில் இதுதான் பெரிது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் நடத்திய ஆய்வுகள், மனிதரோடு பழகும் தன்மை பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் உருவாகிறது என்று காட்டின. அந்த நாட்களில் பலர் கையில் எடுத்துத் தடவிய குட்டி பின்னாளில் அந்நியரிடமும் தயங்காமல் வரும். மனிதக் கை படாமல் அந்தக் காலத்தைக் கடந்துவிட்ட குட்டியைப் பழக்குவது கடினம். பழகினாலும் வளர்ப்பவர் ஒருவரிடம் மட்டும் ஒட்டும். தகப்பனின் குணமும் குட்டிக்கு வருகிறது. தகப்பன் பூனை குட்டிகளின் பக்கமே வராவிட்டாலும், துணிச்சலான தகப்பனுக்குப் பிறந்தவை புதியதைக் கண்டு குறைவாகவே மிரளும் என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

இதே காலத்தில் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் குட்டி கற்கும் பாடமும் முக்கியமானது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிரி கத்துவான், எப்போது நகத்தை உள்ளிழுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த விளையாட்டில்தான் பழகுகிறது. ஐந்து வாரத்தில் தாயைப் பிரித்துக் கொண்டுவந்த குட்டி கை, கால், புடவை என்று பாகுபாடில்லாமல் கடித்துக் கிழிப்பதற்கு இது ஒரு காரணம். தாயிடமிருந்து குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் கழித்தே பிரிக்க வேண்டும். தாயில்லாத அநாதைக் குட்டியை எடுத்து வளர்ப்பது வேறு விஷயம். இரண்டு, மூன்று மணிக்கொரு முறை குட்டிகளுக்கான பால்மாவு கொடுத்து, சூடு கொடுத்து, ஈரப்பஞ்சால் துடைத்து மலம் போக வைக்கும் அந்த வேலை பெரிய தொண்டு. அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் முதன்முறை வளர்ப்பவர் அதில் இறங்கினால் குட்டி பிழைப்பது அரிது.

முதல் பூனையாகப் பலருக்கும் பொருந்துவது ஒன்றிரண்டு வயது தாண்டிய, கருத்தடை செய்யப்பட்ட பூனை. அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்: மடியில் ஏறுமா, குழந்தைகளைத் தாங்குமா, நாயோடு இருக்குமா, தூக்கினால் சும்மா இருக்குமா என்று அதை வைத்திருப்பவரால் சொல்ல முடியும். குட்டியிடம் இவை எல்லாம் ஊகம்தான். பெரிய பூனை புது வீட்டில் ஒட்டாது என்ற எண்ணத்தில் உண்மை இல்லை; சில வாரப் பொறுமை போதும். முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஏழெட்டு வயதுப் பூனைகூட நல்ல துணை. குட்டிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், குறிப்பாகப் பகல் முழுவதும் வீடு பூட்டிக்கிடக்கும் குடும்பங்கள், ஒரே ஈற்றைச் சேர்ந்த இரண்டை எடுத்துக்கொள்வது நல்லது. செலவு கூடும். ஆனால் ஒன்றோடொன்று விளையாடித் தீர்த்துக்கொள்ளும் ஆற்றல், தனிக்குட்டியாக இருந்தால் திரைச்சீலையிலும் மனிதக் கணுக்காலிலும் இறங்கும். முதல் பூனை வளர்ந்து ஓராண்டு ஆன பிறகு இரண்டாவதைக் கொண்டுவந்து பழக்குவது இதைவிடச் சிரமம்.

கடுவனா பெட்டையா என்ற கேள்வி, கருத்தடை செய்துவிட்டால் அநேகமாக முக்கியத்துவம் இழந்துவிடுகிறது. செய்யாவிட்டால் இரண்டுமே வீட்டுக்குள் வைத்திருக்க முடியாதவை. கடுவன் சுவரிலும் கதவிலும் நாற்றமுள்ள சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கும், சண்டைக்குப் போய்க் காயத்தோடு திரும்பும். பெட்டை நான்கு முதல் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, இணை கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரவெல்லாம் கத்தும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான் என்பதால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்றும் சாத்தியம். ஐந்து மாத வாக்கில் அறுவை சிகிச்சை செய்துவிடலாம்; ஆறு மாதத்துக்குள் செய்தால் மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகிறது. ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டையின் உடம்புக்கு நல்லது என்று சொல்வதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசிகளோ கருப்பைச் சீழுக்கும் மடிக் கட்டிக்கும் வழிவிடுபவை. கடுவனை எடுப்பவர் ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும்: அதன் சிறுநீர்க்குழாய் குறுகலானது, அடைத்துக்கொள்ளும். அது அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஓரிரு நாள் தாமதம் உயிரைப் பறித்துவிடும்.

நிறத்தைக் கொண்டு குணம் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பாலினம் பற்றி மட்டும் நிறம் கொஞ்சம் சொல்லும்: செம்மஞ்சள் நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அந்த நிறப் பூனைகளில் ஐந்தில் நான்கு கடுவன்; கறுப்பும் செம்மஞ்சளும் கலந்தவை ஏறக்குறைய எல்லாமே பெட்டை. நீலக் கண்ணுள்ள முழு வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட வேண்டும். கறுப்புப் பூனையைச் சகுனத்துக்குப் பயந்து ஒதுக்கும் வழக்கத்தால் நல்ல குணமுள்ள கறுப்புக் குட்டிகள் கடைசி வரை காத்துக்கிடக்கின்றன. மனத்தடை இல்லாதவர்கள் அவற்றை முதலில் பார்க்கலாம்.

இனம் என்பது பூனை உலகில் புதிய விஷயம். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் நடந்த பெரிய பூனைக் கண்காட்சிக்குப் பிறகே முறையான இனப்பெருக்கம் சூடுபிடித்தது. மந்தை காக்க, வேட்டையாட என்று வேலைக்காகப் பிரித்து வளர்க்கப்பட்ட நாய் இனங்களைப் போலன்றி, பூனை இனங்கள் பெரும்பாலும் முகத்துக்கும் ரோமத்துக்கும் உடல்வாகுக்குமாக உருவாக்கப்பட்டவை. சியாமிய இனம் ஓயாமல் பேசும், பாரசீகம் அமைதியாகக் கிடக்கும் என்பன போன்ற சில பொது இயல்புகள் உண்டு. அதற்கு மேல் இனப்பெயர் தரும் உத்தரவாதம் குறைவு.

தமிழ்நாட்டுச் சந்தையில் அதிகம் விற்பது பாரசீகப் பூனை. ‘டால் ஃபேஸ்’, ‘செமி பன்ச்’, ‘பன்ச் ஃபேஸ்’ என்று மூக்கு எவ்வளவு உள்ளடங்கியிருக்கிறது என்பதை வைத்து விலை ஏறுகிறது. மூக்கு உள்ளே போகப்போக மூச்சு விடுவது சிரமம், கண்ணில் ஓயாத நீர், தாறுமாறான பல்வரிசை. அதாவது கூடுதல் விலை கொடுத்துப் பூனையின் துன்பமும் வாங்கப்படுகிறது. நீண்ட ரோமத்தைத் தினமும் சீவாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். சென்னையின் புழுக்கத்தில் படர்தாமரையும் எளிதில் பற்றும், வீட்டாருக்கும் ஒட்டும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் மிகுதி. மரபணுச் சோதனை பரவுவதற்கு முன் பல நாடுகளில் எடுத்த கணக்குகளில், பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் இது காணப்பட்டது. பெற்றோர் இருவருக்கும் சோதனை நடந்ததா என்று கேட்காமல் பாரசீகக் குட்டியை வாங்கக் கூடாது.

ஸ்காட்டிஷ் ஃபோல்ட் இதைவிட மோசம். 1961இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் காணப்பட்ட சூசி என்ற பூனையின் வழிவந்தவை இவை. காது மடங்கி, ஆந்தைபோல் தெரியும் அந்த முகத்துக்குக் காரணம் குருத்தெலும்புக் கோளாறு. அது காதோடு நிற்பதில்லை, கால் மூட்டுகளையும் வாலையும் வலியோடு இறுகச் செய்கிறது. பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு 1970களிலேயே இந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. சமூக வலைதளப் படங்களைப் பார்த்து இதைத் தேடுபவர்கள் இந்தச் செய்தியை அறிந்திருக்க வேண்டும். பெரிய உடல்வாகு கொண்ட மெய்ன் கூன் இனத்தில் இதயத் தசை தடிக்கும் நோய்க்கான மரபணு மாற்றம் 2005இல் கண்டறியப்பட்டது. அதற்கும் சோதனை உண்டு.

நாட்டுப்பூனைக்கு இவ்வகைப் பரம்பரைச் சுமை குறைவு. குட்டை ரோமத்தை அது தானே சுத்தம் செய்துகொள்ளும், வெயில் ஒத்துக்கொள்ளும். விலை கொடுக்க வேண்டியதும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஈன்ற பூனையின் குட்டிகளைத் தாயோடு சில வாரம் தொடர்ந்து பார்க்க முடிகிற வாய்ப்பு, எந்தக் கடையிலும் கிடைக்காதது. காப்பகங்களிலும் தத்தெடுக்கலாம், சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளும், வீட்டில் வைத்துப் பராமரித்துத் தத்துக் கொடுக்கும் தனி ஆர்வலர்களும் இருக்கிறார்கள். காது நுனி நறுக்கப்பட்ட தெருப்பூனை என்றால் கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கான அடையாளம். கடையில் வாங்குபவர்கள், 2018ஆம் ஆண்டு வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளின்படி அந்தக் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவானதா என்று கேட்கலாம். தாய்ப்பூனையைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் திரும்புவதே சரி.

பார்க்கப் போகும்போது அவசரம் கூடாது. தரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல் கால் மணி நேரம் இருந்தாலே பூனையின் குணம் தெரியத் தொடங்கும். தயங்கினாலும் சற்று நேரத்தில் வந்து முகர்ந்து பார்க்கும் குட்டி நல்ல தேர்வு. மூலையில் ஒடுங்கிச் சீறும் குட்டியைப் பரிதாபத்தால் எடுத்துக்கொள்வது கருணைதான். ஆனால் அதைத் தேற்றும் வேலை அனுபவசாலிக்கானது. மந்தமாகக் கிடந்து எதற்கும் அசையாத குட்டியை ‘சாது’ என்று எண்ணிவிடவும் கூடாது, அது காய்ச்சலாக இருக்கலாம்.

உடல் நலத்தை வாங்குபவரே ஓரளவு பார்க்க முடியும். கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் இருக்கக் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் உண்ணியாலோ குடற்புழுவாலோ இரத்தம் குறைந்திருக்கும். காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு, காதுப்பேன் இருப்பதைக் காட்டும். ரோமத்தில் உதிரும் கரும்பொடியை ஈரத்தாளில் தேய்த்துச் சிவந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். உடல் மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருப்பது புழுவின் அறிகுறி. இவற்றில் பல எளிதில் குணமாகும். தெரிந்து எடுப்பதில் தவறில்லை. எடை ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ என்ற கணக்கில் கூடும் என்பதால், இரண்டு மாதம் என்று சொல்லப்படும் குட்டி அரைக் கிலோவே இருந்தால் ஒன்று வயது பொய், இல்லை உடம்பு சரியில்லை.

தடுப்பூசி விஷயத்தில் சமரசம் கூடாது. பூனைகளுக்கான பான்லியுகோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் சேர்த்துப் போடும் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். இவற்றில் பான்லியுகோபீனியா வாந்தியும் பேதியுமாகச் சில நாட்களில் குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்வது. அதன் வைரஸ் தரையிலும் பாயிலும் கிண்ணத்திலும் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும்; சாதாரணச் சோப்புக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்கே அடங்கும். முந்தைய குட்டி அப்படி இறந்த வீட்டில், ஊசி முடியாத புதுக் குட்டியைக் கொண்டுவருவது அதைச் சாகக் கொடுப்பதற்குச் சமம். ஊசி முழுதும் போட்ட பெரிய பூனையே அங்கே தகும். பூனை கடித்தாலும் பிராண்டினாலும் உடனே ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் பூனை வழியாகவும் வரும்.

வருவதற்கு முந்தைய நாள் வீட்டில் சில பொருட்கள் இடம் மாற வேண்டும். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே பூனைக்கு விஷமாகும். அந்துருண்டை, எலிமருந்து, குவளையில் வைக்கும் லில்லிப் பூ, வெங்காயம், பூண்டு எல்லாமே ஆகாதவை. பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல் என்று நல்லெண்ணத்தில் கொடுத்துவிடுகிறார்கள். நாய்க்கான உண்ணி மருந்தும் கூடாது. பூ தொடுத்த நூல், தையல் நூல், ரப்பர் பேண்டு ஆகியவற்றை விழுங்கினால் குடல் சுருண்டு அறுவை சிகிச்சை வரை போகும்.

மலத்தட்டு சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் இருக்க வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு என்பது தாராளமான ஏற்பாடு. முன்பு பழகிய அதே மணலையோ ‘லிட்டர்’ துகளையோ முதலில் வைத்தால் தடுமாற்றம் இருக்காது. முதல் சில நாட்கள் ஒரே அறைதான் அதன் உலகமாக இருக்கட்டும். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்கக் கூடாது. முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட்டு, உறவினர்களை அழைத்துக் காட்டுவதால்தான் பல பூனைகள் மாதக்கணக்கில் மிரண்டு திரிகின்றன. சாப்பிடாமல் இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் பொறுக்கக் கூடாது. பட்டினியால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படியும். அரசு கால்நடை மருத்துவமனையோ, பூனை பார்த்துப் பழகிய தனியார் மருத்துவரோ எங்கே இருக்கிறார் என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சென்னை போன்ற மாநகராட்சிகளில் வளர்ப்புப் பிராணி உரிமம் பெறும் நடைமுறையையும் விசாரித்துக்கொள்ளலாம்.

எல்லாம் பார்த்துச் செய்தும் சில வேளை பொருந்தாமல் போவதுண்டு: குழந்தைக்கு மூச்சிரைப்பு வரலாம், வீட்டுக்காரர் மனம் மாறலாம். அப்போது சாக்கில் கட்டி மீன் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவருவது இங்கே இன்னும் நடக்கிறது. வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. அந்த எல்லையில் ஏற்கெனவே இருக்கும் பூனைகளும் நாய்களும் அதை விடுவதில்லை. ஒத்துவராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று எடுக்கும் அன்றே கொடுப்பவரிடம் கேட்டுவிட வேண்டும். பொறுப்பான காப்பகங்களும் ஆர்வலர்களும் அதற்கு ஒப்புக்கொள்வதோடு, தத்துப் படிவத்திலேயே எழுதியும் கொடுக்கிறார்கள்.